ஐம்பது நிமிட நூலக வகுப்பில் எந்தச் சோதனை வேலைக்கு ஆகும்?

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் முறையை மாணவர்களுக்குக் கற்றுத்தர நூலகர் நடத்தும் வகுப்பில் "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாத் தலையும் ஆடும். அந்தத் தலையாட்டலை நம்பி அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டு, பிறகு கணினித் திரைகளை எட்டிப் பார்த்தால் சங்கதி தெரியும். ஆய்வுத் தலைப்பை முழு வாக்கியமாகத் தேடல் பெட்டியில் ஒட்டிவிட்டு, "ஒன்றும் வரவில்லை" என்று உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு வரிசையிலும் இருப்பார். தலையாட்டலுக்கும் திரைக்கும் நடுவே இருக்கும் அந்தத் தூரத்தை அளக்கத்தான் உடனடி மதிப்பீட்டு உத்திகள். இவற்றில் மதிப்பெண் கிடையாது, பெயர் எழுத வேண்டாம், ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

தாமஸ் ஆஞ்சலோவும் பட்ரீஷியா கிராஸும் 1993-இல் வெளியிட்ட கையேட்டில் இப்படி 50 உத்திகள் இருக்கின்றன. இன்று வெற்று அட்டையிலிருந்து கைபேசிச் செயலி வரை இவற்றுக்கான கருவிகளும் ஏராளம். ஆனால் உத்திகளில் பெரும்பாலானவை பருவம் முழுக்க நடக்கும் பாடத்துக்காகப் பிறந்தவை. பேராசிரியர் இன்று தாளை வாங்கி, இரவு படித்து, அடுத்த வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். ஒரே ஒரு அமர்வுக்கு அழைக்கப்படும் நூலகருக்கு அந்த அடுத்த வகுப்பு கிடையாது. அதே மாணவர்களை மறுபடி பார்ப்பது நூலகக் கவுண்டரில்தான், அதுவும் அவர்கள் வந்தால்.

ஆகவே இந்த விமர்சனத்தில் எல்லாக் கருவிக்கும் ஒரே உரைகல். கேள்வி கேட்ட நொடியிலிருந்து, "திரும்பச் சொல்வதா, மேலே போவதா" என்று நூலகர் முடிவெடுக்கும் நொடி வரை எவ்வளவு நேரம் ஆகிறது? அந்த முடிவை நடத்திக் காட்ட வகுப்பில் நேரம் மிச்சம் இருக்கிறதா? வடிவழகு, வண்ண வரைபடம், மாணவர்களின் ஆரவாரம் எல்லாம் இதற்குப் பிறகுதான். கணக்குக்காக 30 மாணவர், 50 நிமிடம், ஒரு நூலகர், ஒரு ப்ராஜெக்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

வெற்று அட்டையும் பேனாவும்

தேவைப்படுவது 3-க்கு 5 அங்குல அட்டை. அது இல்லாவிட்டால் ஏ4 தாளை நான்காகக் கிழித்துக்கொள்ளலாம். எட்டுத் தாளில் 32 துண்டு கிடைக்கும். கூடவே பத்துப் பேனாவும் எடுத்துப் போக வேண்டும். கணினி அறைக்கு வருகிறவர்களில் பலர் பேனா கொண்டுவருவதில்லை. அட்டையைக் கொடுத்த பிறகு பேனா தேடினால் இரண்டு நிமிடம் வீண்.

அட்டையில் நடக்கும் உத்திகளில் பேர்போனது 'ஒரு நிமிடத் தாள்'. பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் சார்லஸ் ஷ்வார்ட்ஸ் பயன்படுத்திப் பரவியது என்பார்கள். கேள்வி இரண்டே இரண்டு: இன்று கற்றதில் முக்கியமானது எது? மனத்தில் இன்னும் விடை கிடைக்காமல் நிற்கும் கேள்வி எது? வகுப்பின் கடைசி நிமிடத்தில் எழுதி வாங்குவது வழக்கம்.

இந்த அசல் வடிவத்துக்கு ஒற்றை அமர்வில் 5-க்கு 2 தான் தர முடியும். முதல் குறை நேரம். கடைசி மூன்று நிமிடம் நூலகருடையதாக இருப்பதே இல்லை. துறை ஆசிரியர் வருகைப் பதிவு எடுப்பார், யாரோ பையின் ஜிப்பை இழுப்பார்கள், அடுத்த வகுப்பு வாசலில் நிற்கும். இரண்டாவது குறை கேள்வி. "முக்கியமானது எது" என்றால் "டேட்டாபேஸ் பற்றித் தெரிந்துகொண்டேன், நன்றி" என்று 30 அட்டை வரும். பணிவாகத்தான் இருக்கும், ஆனால் அதை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. மூன்றாவதுதான் பெரிய குறை: தேடல் சொற்களை இணைக்கும் ஆர் (OR: ஏதாவது ஒன்று இருந்தால் போதும்), அண்ட் (AND: எல்லாம் இருக்க வேண்டும்) "இரண்டுக்கும் வித்தியாசம் புரியவில்லை" என்று ஒருவர் எழுதியிருப்பார், நூலகர் அதைப் படிக்கும்போது அவர் வீட்டுக்குப் போயிருப்பார்.

அதே அட்டையை 20-ஆவது நிமிடத்துக்கு நகர்த்தி, கேள்வியையும் மாற்றிவிட்டால் மதிப்பு 4½-க்கு ஏறும். கேட்க வேண்டியது: "உங்கள் தலைப்புக்கு நீங்கள் தட்டப்போகும் தேடல் வரியை அப்படியே எழுதுங்கள்." கருத்து வேண்டாம், செய்து காட்டினால் போதும். எழுத 90 நொடி கொடுங்கள். ஸ்லைடில் கேள்வி எழுத்தில் இருக்கட்டும். வாயால் மட்டும் சொன்னால் கால்வாசிப் பேர் தலைப்பை எழுதுவார்கள், தேடல் வரியை எழுத மாட்டார்கள்.

வாங்கிய கையோடு மாணவர்களுக்கு ஐந்து நிமிடம் தாங்களே தேடிப் பார்க்கும் வேலை கொடுத்துவிட்டு அட்டைகளைப் பிரிக்க வேண்டும். ஓர் அட்டைக்கு ஐந்து நொடி வைத்தால் 30 அட்டைக்கு இரண்டரை நிமிடம். நின்றுகொண்டே மூன்று குவியல் போடலாம். பதின்பருவத்தினரின் தூக்கமும் சமூக ஊடகமும் என்பது தலைப்பு என்று வைப்போம். "(பதின்பருவத்தினர் ஆர் இளம்பருவத்தினர்) அண்ட் தூக்கம் அண்ட் சமூக ஊடகம்" என்ற மாதிரி, கருத்துகளைத் தனித்தனியாகப் பிரித்து, ஒன்றுக்காவது ஒத்த சொல் சேர்த்த வரி முதல் குவியலுக்கு. கருத்துகளைப் பிரித்திருக்கிறார், ஆனால் ஒத்த சொல் இல்லை அல்லது அடைப்புக்குறி இல்லை என்றால் இரண்டாவதுக்கு. "சமூக ஊடகம் பதின்பருவத்தினரின் தூக்கத்தை எவ்வாறு பாதிக்கிறது" என்று முழு வாக்கியமோ, "தூக்கம்" என்று ஒற்றைச் சொல்லோ இருந்தால் மூன்றாவதுக்கு.

மூன்றாவது குவியலில் பத்துக்கு மேல் இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு, ஓர் அட்டையின் வரியைப் பெயர் சொல்லாமல் திரையில் தட்டி எல்லோருமாகச் சேர்ந்து பிரித்துப் பார்க்க வேண்டும். நான்கு நிமிட வேலை. இரண்டாவது குவியல்தான் பெரியது என்றால் வகுப்பை நிறுத்த வேண்டியதில்லை. அடைப்புக்குறி ஏன் என்று ஒரு நிமிடம் சொன்னால் போதும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அடைப்புக்குறி இல்லாத வரியை எல்லாத் தரவுத்தளமும் (கட்டுரைகளைத் தேடித்தரும் தளம்) ஒரே மாதிரி படிப்பதில்லை. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் இடமிருந்து வலமாகக் கணக்கிட்டுக்கொண்டே போகும். அண்ட்டை முதலில் கணக்கிடும் தளங்களும் உண்டு. அவற்றில் "பதின்பருவத்தினர் ஆர் இளம்பருவத்தினர் அண்ட் தூக்கம்" என்று தட்டினால், தூக்கத்தோடு சம்பந்தமே இல்லாத பதின்பருவத்தினர் கட்டுரை அத்தனையும் கொட்டும். இதைத் திரையில் ஒருமுறை காட்டிவிட்டால் போதும், அடைப்புக்குறியை ஒருவரும் மறக்க மாட்டார்கள்.

அட்டையில் பிரச்சினையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கையெழுத்து புரியாது. 60 பேர் இருந்தால் இரண்டரை நிமிடம் ஐந்தாகிவிடும். அப்போது எல்லாவற்றையும் படிக்காமல், ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஓர் அட்டை உருவி 15 மட்டும் பார்க்கலாம். முடிவெடுக்க அதுவே தாராளம். முன்வரிசை அட்டைகளை மட்டும் எடுப்பதுதான் தப்பு. முன்னால் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் வகுப்பின் சராசரியைவிடத் தெளிவானவர்கள்.

இதே அட்டையில் 'குழப்பமான இடம்' என்ற கேள்வியும் ஓடும்: இதுவரை சொன்னதில் மிகவும் கலங்கலாக இருக்கும் விஷயம் எது? ஹார்வர்டில் புள்ளியியல் கற்பித்த ஃபிரெடெரிக் மாஸ்டெல்லர் பயன்படுத்தியது. கேட்க ஐந்து நொடி, எழுத 40 நொடி. 30-ஆவது நிமிடத்தில் கேட்டால் அருமையான கருவி. 48-ஆவது நிமிடத்தில் கேட்டால் வெறும் புலம்பல் பெட்டி. "ஒன்றுமில்லை" என்று நிறைய அட்டை வந்தால் மகிழ வேண்டாம். என்ன புரியவில்லை என்று சொல்லவே கொஞ்சம் புரிந்திருக்க வேண்டும். அதனால் இதைத் தனியாக விடாமல், தேடல் வரி எழுதிய அதே அட்டையின் பின்பக்கத்தில் கேட்பது நல்லது. முன்பக்கம் முழு வாக்கியமும் பின்பக்கம் "ஒன்றுமில்லை"யும் இருந்தால், அந்த அட்டை ஆயிரம் சொல்லும்.

பிளிக்கர்ஸ்

கைபேசி இல்லாத, அல்லது கைபேசியை வெளியே எடுக்க விடாத வகுப்புக்கு இது வரப்பிரசாதம். ஒவ்வொரு மாணவரிடமும் ஓர் அட்டை. அதில் கறுப்பு வெள்ளையில் ஒரு சதுர வடிவம். நான்கு பக்கத்திலும் ஏ, பி, சி, டி என்று சின்ன எழுத்து. தான் தேர்ந்த விடை மேலே வருமாறு அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். நூலகர் தன் கைபேசிக் கேமராவை அறை முழுக்க ஒருமுறை ஓட்டினால் எல்லா விடையும் திரையில் விழும். ஒவ்வொரு அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்து ஆள் விடையைப் பார்த்துக் காப்பி அடிக்க முடியாது. அட்டைகளை இணையத்திலிருந்து இலவசமாக இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். 40 அட்டைத் தொகுப்பும் 63 அட்டைத் தொகுப்பும் இருக்கின்றன.

30 பேர் உள்ள அறையை ஒருமுறை சுற்ற அரை நிமிடம் போதும். வைஃபை படுத்தாலும் மாணவர் பக்கம் பாதிப்பில்லை. நூலகரின் கைபேசிக்கும் கணினிக்கும் மட்டும் இணைப்பு வேண்டும். உரைகல்லில் உரசினால் எல்லாச் செயலியையும் முந்துவது இதுதான்.

தவறுவது அட்டையில்தான். பளபளப்பான லேமினேஷன் போட்டால் விளக்கொளி பட்டு மின்னி, கேமரா படிக்காது. கெட்டி அட்டையில் அச்சடித்து அப்படியே விடுவதே நல்லது, அல்லது மங்கலான லேமினேஷன் போடலாம். விரல் வடிவத்தின் மேல் பட்டால் படிக்காது, ஆகவே ஓரத்தைப் பிடிக்கச் சொல்ல வேண்டும். கணினி அறையில் இன்னொரு தொல்லை: மானிட்டருக்குப் பின்னால் அட்டை மறைந்துவிடும். "தலைக்கு மேல் தூக்குங்கள்" என்று சொன்னால் தீர்ந்தது. முன்கூட்டியே வகுப்புப் பட்டியல் வாங்கிப் பெயர் ஏற்றும் வேலையெல்லாம் ஒற்றை அமர்வுக்கு வேண்டாம். 1 முதல் 40 வரை எண்களையே பெயராக வைத்து ஒரு வகுப்பு உருவாக்கிவிட்டால் ஆண்டு முழுக்க அதையே வைத்து ஓட்டலாம். பெயர் இல்லாததால் மாணவருக்கும் கூச்சம் இருக்காது.

குறை: தேர்வு விடைக் கேள்வி மட்டுமே கேட்க முடியும். தேடல் வரி எழுத வைக்க முடியாது. 5-க்கு 4.

அட்டை அச்சடிக்கவும் வழியில்லை என்றால் விரல் போதும். ஏ-க்கு ஒரு விரல், டி-க்கு நான்கு. கையை மேலே தூக்காமல் மார்புக்கு நேராகப் பிடிக்கச் சொன்னால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. எண்ணிப் பதிவு செய்ய முடியாது, ஆனால் முடிவெடுக்க முடியும். செலவு சுழி.

கேள்வி சரியில்லை என்றால் கருவி என்ன செய்யும்?

கருவியைப் பற்றி இவ்வளவு பேசியாயிற்று. உண்மையில் 30 பேரின் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று காட்டுவது, தவறான விடைகளை எப்படி அமைக்கிறோம் என்பதுதான். ஓர் எடுத்துக்காட்டு:

உங்கள் தேடலுக்கு 4 முடிவுகள் மட்டுமே வந்தன. முதலில் என்ன செய்வீர்கள்?
ஏ) அண்ட் போட்டு இன்னொரு சொல் சேர்ப்பேன்
பி) ஆர் போட்டு ஒத்த சொல் சேர்ப்பேன்
சி) கடைசி ஐந்து ஆண்டு என்று வரம்பு போடுவேன்
டி) தலைப்பை மாற்றுவேன்

சரியான விடை பி. ஆனால் நூலகருக்குப் பயன் தருவது மற்ற மூன்றும்தான். ஏ என்று சொல்பவர் கவனக்குறைவானவர் அல்லர். பேச்சில் 'மற்றும்' என்றால் கூடுதல். காப்பியும் பலகாரமும் கேட்டால் இரண்டும் வரும். தேடலில் அண்ட் என்றால் இரண்டும் ஒரே கட்டுரையில் இருக்க வேண்டும், ஆகவே குறையும். அந்த முரணைச் சொல்லிவிட்டால் ஏ-க்காரர்கள் ஒரே நிமிடத்தில் தெளிவார்கள். சி என்பவருக்கு வரம்பு என்பது முடிவுகளை வெட்டும் கத்தி என்று தெரியவில்லை. அவருக்கு வலப்பக்கமோ இடப்பக்கமோ உள்ள வடிகட்டிகளைப் போட்டு எடுத்துக் காட்ட வேண்டும். டி என்பவர் மனம் தளர்ந்துவிடுபவர். ஆளுக்கு ஒரு மருந்து. எல்லாருக்கும் அதே ஸ்லைடைத் திரும்ப ஓட்டினால் பயனில்லை.

எண்ணிக்கையைப் படிப்பதிலும் ஏமாறலாம். நான்கு விடையில் ஒன்று என்றால், ஒன்றுமே தெரியாதவரும் நான்கில் ஒருமுறை சரியாகக் குத்துவார். 30 பேரில் 12 பேர் பி சொன்னார்கள் என்றால் 40 விழுக்காடு புரிந்துகொண்டார்கள் என்று தோன்றும். உண்மையில் 6 பேருக்குத் தெரிந்து, மீதி 24 பேரில் கால்வாசியான 6 பேர் குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்லியிருந்தாலும் அதே 12 வரும். ஐந்தாவதாக "எனக்குத் தெரியவில்லை" என்று ஒரு விடை வைக்க முடிந்தால் இந்த ஊகம் கணிசமாகக் குறையும். பிளிக்கர்ஸில் நான்குக்கு மேல் இடமில்லை. அங்கே ஒரு தவறான விடையைத் தூக்கிவிட்டு டி-யை அதற்கு ஒதுக்கலாம்.

எண்ணிக்கை வந்த பிறகு என்ன செய்வது என்பதற்கு, ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களில் பரப்பிய சக மாணவர் கற்பித்தல் முறையின் அளவுகோல் நூலக வகுப்புக்கும் பொருந்துகிறது. சரியான விடை 30 விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் மறுபடி விளக்க வேண்டும். 70-க்கு மேல் என்றால் சுருக்கமாகக் காரணம் சொல்லிவிட்டு நகரலாம். நடுவில் இருந்தால், அதாவது 30 பேரில் 9 முதல் 21 வரை என்றால், விடையைச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடவிட்டு மறுபடி வாக்கெடுக்க வேண்டும். முதல் சுற்றிலேயே சரியான விடையைத் திரையில் காட்டிவிடுவதுதான் இதில் நடக்கும் பெரிய பிழை. காட்டிய பிறகு வாதாட ஒன்றுமில்லை. செயலியின் அமைப்பில் விடை தானாகக் காட்டப்படுவதை முன்கூட்டியே அணைத்துவைக்க வேண்டும்.

சகமதிப்பாய்வு (அதே துறை அறிஞர்கள் படித்துச் சரிபார்ப்பது) வடிகட்டி பற்றிய கேள்வியும் கட்டாயம் வைக்கத் தக்கது. "இந்தப் பெட்டியில் டிக் போட்டால் வருவதெல்லாம் சகமதிப்பாய்வு செய்யப்பட்ட கட்டுரைதானா?" பெரும்பாலானோர் ஆம் என்பார்கள். பல தரவுத்தளங்களில் அந்த வடிகட்டி இதழைத்தான் பார்க்கிறது, தனிக் கட்டுரையைப் பார்ப்பதில்லை. அதனால் அந்த இதழில் வந்த தலையங்கமும் நூல் மதிப்புரையும்கூட உள்ளே நுழைந்துவிடும். இந்த ஒரு கேள்வி பத்து ஸ்லைடுக்குச் சமம்.

மென்டிமீட்டரும் கூகுள் ஃபார்ம்ஸும்

இரண்டும் மாணவரின் கைபேசி அல்லது கணினியில் ஓடுபவை. உடனடி வாக்கெடுப்புக் கருவியான மென்டிமீட்டரில் எண் தட்டி நுழைந்தால் போதும், மாணவருக்கு லாகின் வேண்டாம். விடைகள் விழ விழத் திரையில் பட்டை வளரும். முதல் கேள்விக்கு எல்லாரும் உள்ளே வந்து சேர இரண்டு, மூன்று நிமிடம் ஓடிவிடும். அதன் பிறகு கேள்விக்கு அரை நிமிடம். எனவே ஒரே ஒரு கேள்விக்காக இதைத் திறப்பது வீண். மூன்று கேள்வியாவது இருந்தால்தான் கட்டுப்படியாகும். கணினி அறையில் முகவரியைத் திரையில் காட்டுவதைவிட, வகுப்புக்கான வழிகாட்டிப் பக்கத்திலேயே லிங்க் போட்டுவைத்தால் அந்த மூன்று நிமிடம் ஒன்றாகக் குறையும். இலவசக் கணக்கில் எத்தனை பேர் சேரலாம் என்பதற்கு வரம்பு உண்டு. வரம்புகள் மாறிக்கொண்டே இருப்பதால் வகுப்புக்கு முந்தின நாள் பார்த்துக்கொள்வது நல்லது.

விடை விழ விழக் காட்டுவதில் ஓர் ஆபத்து. பி-யின் பட்டை உயரத் தொடங்கினால் தயங்கி நிற்பவர்கள் எல்லாம் பி-க்குத் தாவுவார்கள். வாக்கெடுப்பு முடியும் வரை முடிவை மறைத்துவைக்கும் அமைப்பு இருக்கிறது. அதை இயக்காமல் இந்தக் கருவியைப் பயன்படுத்துவதில் பொருளே இல்லை.

எல்லாருக்கும் பிடித்தது சொல் மேகம். பார்க்க அழகு, மதிப்பீட்டுக்கு மோசம். பலர் சொன்ன சொல் பெரிதாகும், ஒருவர் மட்டும் சொன்ன சொல் சுருங்கும். ஆனால் நூலகருக்கு வேண்டியது பெரும்பாலும் ஒருவர் மட்டும் செய்த அந்த விசித்திரமான பிழைதான். தவிர "டேட்டாபேஸ்", "டேட்டா பேஸ்", "தரவுத்தளம்" மூன்றும் மூன்று சொல்லாக நிற்கும். ஒரு தலைப்புக்கு ஒத்த சொற்களை வகுப்பே சேர்ந்து திரட்ட மட்டும் சொல் மேகம் நன்றாக உழைக்கும். அங்கே வித்தியாசம்தான் வேண்டும்.

கூகுள் ஃபார்ம்ஸ் வகுப்புக்கு முன்னால் பயன்படுத்தத் தக்கது. மூன்று நாள் முன்னதாகத் துறை ஆசிரியர் மூலம் மூன்றே கேள்வி அனுப்பலாம்: உங்கள் தலைப்பு என்ன? இதுவரை எங்கே தேடினீர்கள்? இரண்டு தேடல் வரியில் எது அதிக முடிவு தரும்? வகுப்பின் முதல் பத்து நிமிடத்தில் எதைச் சொல்லாமல் விடலாம் என்று இதில் தெரிந்துவிடும். ஒற்றை அமர்வில் அதுதான் பொன். லிங்கை நூலகர் நேரே அனுப்பினால் பதில் சொற்பம்; ஆசிரியர் தன் பெயரில் அனுப்பினால்தான் வரும். "ஒருவர் ஒரு பதில்" என்ற அமைப்பை இயக்கினால் மாணவர் கூகுள் கணக்கில் நுழைய வேண்டிவரும், கணக்கை நிறுவனத்துக்குள் மட்டும் என்று சுருக்கினால் சொந்தக் கணக்கில் இருப்பவர்களுக்கு ஃபார்ம் திறக்காது. இரண்டையும் அணைத்துவிட்டு, வேறு கணக்கிலிருந்து ஒருமுறை திறந்து பார்த்துவிட வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 3½.

கஹூட்

நார்வேயில் பிறந்த வினாடி வினாச் செயலியான கஹூட்டுக்கு மாணவரிடையே இருக்கும் வரவேற்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இசை தொடங்கியதும் தூங்கிக்கொண்டிருந்த பின்வரிசையும் நிமிர்ந்துவிடும். மதிப்பீட்டுக் கருவியாகப் பார்த்தால் அடிப்படையே இடிக்கிறது: சரியாகச் சொன்னால் மட்டும் போதாது, வேகமாகச் சொன்னால்தான் புள்ளி கூடும். நூலக வகுப்பு கற்பிப்பதோ அதற்கு நேர் எதிர்: முதல் முடிவைச் சொடுக்காதே, நின்று பார், யார் எழுதியது என்று பார். நிதானத்தைக் கற்பித்துவிட்டு அவசரத்துக்குப் பரிசு கொடுப்பது என்ன நியாயம்?

புள்ளி இல்லாமல் ஓட்டவும், நேரத்தை நீட்டவும் கஹூட்டில் வழி இருக்கிறது. இரண்டையும் செய்துவிட்டால் அது இன்னொரு வாக்கெடுப்புக் கருவியாகிவிடும். பிறகு இதை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? கேள்விக்கும் விடைக்கும் எழுத்து வரம்பு இருப்பதால் இரண்டு தேடல் வரியை ஒப்பிடும் கேள்வியெல்லாம் அடங்காது. சுருக்கம் என்றால் என்ன, முழு உரை என்றால் என்ன, புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் எண் எதைச் சொல்கிறது என்பது போன்ற சொற்பொருள் கேள்விக்கு, முதல் ஐந்து நிமிட உற்சாகத்துக்குச் சரி. 2½.

தேர்வு விடையில் அடங்காதவை

ஒரு தகவலை நம்பலாமா என்று தீர்மானிப்பதை ஏ, பி, சி, டி-யில் அடக்க முடியாது. அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கம் 2016-இல் ஏற்றுக்கொண்ட தகவல் அறிவுச் சட்டகத்தின் (தகவலைத் தேடி எடைபோடும் திறனுக்கான வழிகாட்டி) ஆறு கருத்துகளில் பல இந்த ரகம். இதற்கு அட்டைதான் கதி. ஒரே தலைப்பில் இரண்டு மூலங்களைப் பக்கம் பக்கமாகத் திரையில் போட்டு, "எதைப் பயன்படுத்துவீர்கள், ஏனென்றால்..." என்று வாக்கியத்தை முடிக்கச் சொல்ல வேண்டும். எதைத் தேர்ந்தார் என்பதை விட்டுவிட்டு 'ஏனென்றால்' என்பதற்குப் பின்னால் இருப்பதை மட்டும் படித்தால் போதும். "ஏனென்றால் முகவரி .ஆர்க் (.org) என்று முடிகிறது" என்று வந்தால் அங்கேயே நிறுத்தித் திருத்த வேண்டும். அந்த முகவரியை யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம். "ஏனென்றால் புதியது" என்று நிறைய வந்தால், எந்தத் துறையில் புதுமை முக்கியம், எதில் இல்லை என்று இரண்டு நிமிடம் பேசலாம்.

மதிப்பெண்ணே தர முடியாத ஒரு பொருளும் இந்தச் சந்தையில் இருக்கிறது: "வகுப்பு பயனுள்ளதாக இருந்ததா?" என்று சிரிக்கும் முகம், அழும் முகம் போட்ட படிவம். ஆண்டறிக்கைக்கு உதவும். மாணவரின் மரியாதையை அளக்கும். கற்றதை அளக்காது. கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், செயல் கேள்விக்குப் பக்கத்தில் "இதில் உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை, 1 முதல் 5" என்று சேர்த்துக் கேட்கலாம். 5 போட்டுவிட்டுத் தவறான வரி எழுதியவர்களைத்தான் பயிற்சி நேரத்தில் முதலில் போய்ப் பார்க்க வேண்டும். அவர்கள் தாமாகக் கை தூக்க மாட்டார்கள்.

எத்தனை முறை சோதிப்பது?

50 நிமிடத்தில் இரண்டு. மூன்றாவது போட்டால் கற்பிக்க நேரம் இருக்காது. பழகிய அமைப்பு இப்படி: முன்கூட்டியே ஃபார்ம் வந்திருந்தால் அதைக் கொண்டு தொடக்கம், 15-ஆவது நிமிடத்தில் பிளிக்கர்ஸில் அல்லது விரலில் ஒரே ஒரு தேர்வு விடைக் கேள்வி, 20-க்கும் 30-க்கும் இடையில் தேடல் வரி அட்டை. சோதனைக்குப் பின்னால் ஆறு முதல் எட்டு நிமிடத்தைப் பெயரிடாமல் காலியாக விட்டுவைக்க வேண்டும். இந்தக் காலியிடம் இல்லாத பாடத்திட்டத்தில் எந்தக் கருவியும் அலங்காரம்தான். பிழை தெரியும், திருத்த நேரம் இருக்காது. காலியிடத்துக்காக எதையாவது வெட்ட வேண்டும் என்றால் நூலக நேரம், எத்தனை புத்தகம் எடுக்கலாம் என்ற அறிமுக ஸ்லைடுகளை வெட்டலாம். அவை வழிகாட்டிப் பக்கத்தில் இருந்தால் போதும்.

வகுப்பு முடிந்ததும் அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் வைத்துவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. அதற்குப் பதில், இரண்டு நாளுக்குள் துறை ஆசிரியருக்கு அரைப் பக்கக் குறிப்பு ஒன்று போக வேண்டும். 30 பேரில் எத்தனை பேர் எந்தக் குவியல், அதிகம் வந்த குழப்பம் இரண்டு, அவற்றுக்குத் தலா மூன்று வரியில் பதில், சந்தேகம் இருப்பவர் நூலகத்தில் யாரை எந்த நேரத்தில் பார்க்கலாம் என்பது. மாணவருக்கு அந்தப் பதில் ஆசிரியர் வழியாகத்தான் போய்ச் சேரும். அட்டையில் எழுதிய கேள்விக்கு எங்கிருந்தாவது பதில் வந்தது என்று தெரிந்தால், அடுத்த ஆண்டு அதே ஆசிரியர் 50 நிமிடத்துக்குப் பதில் 75 கேட்டாலும் கொடுப்பார். குறிப்பில் அட்டையின் படத்தை இணைக்காமல், வரியை மட்டும் தட்டச்சு செய்து அனுப்புங்கள். முப்பது பேர் உள்ள வகுப்பில் ஆசிரியருக்கு எல்லாக் கையெழுத்தும் அத்துபடி.